இரண்டாம் பந்தல்

கல்முனைக்குடி
2009 ஜூலை 10

அன்பின் தம்பி றிஷாட்,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். உம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது. நாக்கு மட்டும் வடியவில்லை. கட்டார் வெயில் உன்னை என்ன பாடு படுத்துகிறது என்று எழுது. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நல்லம்" என்கிறாய். பாதிக் கதையில் உம்மா வேறு போனைப் பறித்துக்கொள்வார். அதனால்தான் பேனையை எடுத்தேன்.

விஷயம் இதுதான். உங்கள் வெள்ளாப்பு நாடக மன்றம் மறுபடி தொடங்குகிறது. சண்டை முடிந்து இரண்டு மாதம் போல் ஆகிறது. பொழுதுபட்ட பிறகும் இப்போது நம் ஆட்கள் பாண்டிருப்புக்குச் சைக்கிளில் போய் வருகிறார்கள், அங்குள்ள தமிழ் ஆட்களும் இங்கே வருகிறார்கள். போன வெள்ளிக்கிழமை மசூர் காக்கா வாசலில் வந்து நின்றார். லவுட்ஸ்பீக்கர் கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்திருக்கிறார், சாவி கையிலேயே இருந்தது.

"றிஷாட் எழுதி வெச்ச 'இரண்டாம் பந்தல்' உங்ககிட்ட இரிக்காமே. தாங்க, இந்த வருசம் அதத்தான் போடப்போறம்" என்றார்.

கொடுத்துவிட்டேன். எனக்கு ஏதாவது வேலை உண்டா என்று கேட்டேன். உடுப்புத் தைக்க வேண்டுமாம். தான் வசனம் மறந்தால் திரைக்குப் பின்னால் நின்று மெல்ல எடுத்துக்கொடுக்கவும் வேண்டுமாம். அவருடைய மறதி உனக்குத் தெரியாததா? 'தண்ணி கொண்டு வா' என்ற வசனத்தை மறந்து, தானே எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்து வந்த மனிதர்.

சுனாமிக்குப் பிறகு என் பொழுதெல்லாம் தையல் மெஷினோடுதான். எனக்குப் போக ஆசையாக இருக்கிறது, அதை மறைப்பானேன். ஆனாலும் உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன். பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ராத்தா
றாஹிலா


தோஹா
30.07.2009

அன்பின் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, வெயிலுக்குத்தான் சுகமில்லை, தலைகால் புரியாமல் அடிக்கிறது. உம்மாவின் காலுக்கும் நாக்குக்கும் சேர்த்தே துஆ செய்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் களஞ்சிய அறையில் சிமெந்து மூட்டையில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்து முடித்து எழும்பியபோது என் கால்சட்டையின் பின்புறம் வெள்ளை. அது கூடத் தெரியாமல் பின்நேரம் வரை திரிந்தேன். என் நாடகம் மேடையேறப் போகிறது. தாராளமாகப் போங்கள் ராத்தா, இதற்கு என்னிடம் கேட்கவா வேண்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை. கடைசிக் காட்சியில் கை வைக்கக் கூடாது. கடலில் புருஷனைப் பறிகொடுத்த ஹஸீனாவுக்கு இரண்டாம் கலியாணம் பேசுகிறார்கள். வெளியே பந்தலில் மாப்பிள்ளை, நிக்காஹ் நடத்தும் லெப்பை, சாட்சிகள். ஹஸீனா நாடகம் முழுக்கத் திரைக்குப் பின்னால்தான், சபையின் கண்ணில் படமாட்டாள். லெப்பை சம்மதம் கேட்கிறார். அவள் பேசவில்லை. நீண்ட மௌனம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எல்லாரும் துஆவுக்குக் கை உயர்த்துகிறார்கள், வெளிச்சம் அணைகிறது. அந்த மௌனத்தை எழுத எனக்கு மூன்று மாதம் எடுத்தது. சிரிக்காதீர்கள்.

மசூர் காக்காதான் மாப்பிள்ளையாமே, கேள்விப்பட்டேன். அவரும் மனைவியைக் கடலுக்குக் கொடுத்தவர். மேடையில் அழுதுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மச்சானைக் கடல் கொண்டுபோன பிறகு, உங்களுக்கு மறுபடி ஒரு வாழ்க்கை அமையாமல் நான் மாப்பிள்ளையாக உட்கார மாட்டேன். வாப்பா இல்லாத வீட்டில் உங்களுக்கு வொலியாக நின்று நிக்காஹ் முடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். அக்கரைப்பற்றில் ஒரு இடம், சம்மாந்துறையில் ஒரு இடம் என்று முன்பும் எழுதினேன். இந்தக் கேள்விக்கு மட்டும் நீங்கள் பதில் எழுதியதே இல்லை. இந்த முறையாவது எழுதுங்கள்.

தம்பி
றிஷாட்


கல்முனைக்குடி
2009 ஒக்டோபர் 6

அன்பின் தம்பிக்கு,

ஸலாம். நோன்பும் பெருநாளும் நல்லபடி போயின. நீ அனுப்பிய பேரீச்சம்பழத்தை உம்மா அயலுக்கெல்லாம் கொடுத்து, "என்ட மகன் கட்டாரில நட்டது" என்று சொல்லிவிட்டார். உனக்குத் தடிமன் என்று போனில் குரல் காட்டிக்கொடுத்தது. மல்லித் தண்ணீர் குடி.

பதில் பிந்தியதற்குக் காரணம் உன் நாடகம்தான். முதலில் திரை. கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது என்று சுனாமிக் கூடாரத் துணியை வெட்டிச் சிவப்புச் சாயம் போட்டுத் தைத்தேன். பகலில் பார்க்க ராணி வீட்டுத் திரை மாதிரி இருந்தது. பின்னால் லைட் போட்டதும் கூடாரம் தந்த நிறுவனத்தின் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தைச் சாய்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார்கள்.

அடுத்தது பெரிய சிக்கல். நிக்காஹ் காட்சியில் உட்கார நம்மூரில் ஒரு ஆண்பிள்ளை வரவில்லை. விளையாட்டுக்குச் சொன்னாலும் நிக்காஹ் நிறைவேறிப்போகும் என்று எல்லாருக்கும் பயம். மீன்வாடிக் கச்சிமுகம்மது, "எனக்கு நாலு புள்ளயள் இரிக்கி, என்னச் சாட்சியாக்கி வழக்கில மாட்டாதீங்க" என்று ஓடியே போனார். மசூர் காக்கா இரண்டு நாள் யோசித்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனார். கதிர்காமத்தம்பி அண்ணனைக் கூட்டிவந்து லெப்பையாக்கினார். அவருடைய மச்சான்மார் இருவரும் சாட்சிகள். பள்ளிவாசல் மௌலவி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பயமில்ல, ஒண்டும் நிறைவேறாது" என்று சிரித்தாராம். அண்ணனுக்குத் தொப்பி தைத்துக் கொடுத்தேன். அவருடைய மனைவி கனகேஸ்வரி அக்காதான் ஹஸீனாவின் அயல்வீட்டுக்காரி. அவர் வந்த நாளிலிருந்து பாண்டிருப்புப் பெண்கள் ஒத்திகை பார்க்க வருகிறார்கள், நம் பெண்களும் வருகிறார்கள். பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கதைதான் நடக்கிறது. இந்த ஐந்தாறு வருடத்தில் கதைக்காததெல்லாம் சேர்ந்து கிடக்கிறதே.

நேற்றுமுன்தினம் பாடசாலை மைதானத்தில் முதல் மேடையேற்றம். சனம் மதிலில் கூட இருந்தது. கடைசிக் காட்சி வந்தது. அண்ணன் தொப்பியைச் சரிசெய்து சம்மதம் கேட்டார். உன் மௌனம் தொடங்கியது. நீ சொன்ன மாதிரியே நீளமாக விட்டோம். எல்லாரும் கை உயர்த்தினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து இடியப்பக் கடைச் சல்மா உம்மா எழும்பி நின்றார்.

"மனே, நிப்பாட்டுங்க. இந்த நிக்காஹ் காவின் செல்லாது."

மசூர் அப்படியே நின்றுவிட்டார். வழக்கம்போல வசனம் மறந்ததாக்கும் என்று நான் உள்ளேயிருந்து தாளைப் புரட்டுகிறேன்.

"குமருப் புள்ள எண்டா சும்மா இருந்தாலும் சம்மதம்தான். இவ ஒருக்கா வாழ்ந்த பொம்புள. வாயத் துறந்து ஓம் எண்டு சொல்லணும். லெப்பைக்கு இதும் தெரியாதா?"

"எனக்கெப்பிடிகா தெரியும், நான் பாண்டிருப்பு" என்றார் அண்ணன், தொப்பியோடு.

மைதானம் சிரித்த சிரிப்பு உனக்குத் தோஹாவில் கேட்டிருக்கும். ஆனால் பெண்கள் பக்கம் விடவில்லை. அவள் சொல்லாமல் நாடகத்தை முடிக்கக் கூடாது என்று ஒருவரும் எழும்பிப் போகவில்லை. கடைசியில் மசூர்தான் மைக்கை எடுத்து, எழுதியவரிடம் கேட்டு அடுத்த முறை திருத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். எழுதியவர் நீ. எனவே திருத்து.

உம்மா உன் தலையில் ஓதி ஊதச் சொன்னார். கடிதத்தில் ஊதியிருக்கிறேன்.

ராத்தா
றாஹிலா


தோஹா
20.10.2009

அன்பின் ராத்தா,

அலைக்கும் ஸலாம். தடிமன் போய்விட்டது. அதன் இடத்தில் கோபம் வந்திருக்கிறது.

மூன்று மாதம் ராத்தா. மூன்று மாதம் எழுதிய மௌனத்தை இடியப்பக் கடையிலிருந்து ஒருவர் எழும்பி உடைத்துவிட்டார். சல்மா உம்மாவிடம் என் ஸலாத்தைச் சொல்லிவிட்டு, கலை என்று ஒன்று இருப்பதையும் சொல்லுங்கள் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். எங்கள் முகாமில் ஒரு மௌலவி இருக்கிறார், காத்தான்குடிக்காரர். அவரிடம் போய் நாடகம் என்று சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். "இது கூடத் தெரியாமத்தானா இவ்வளவு தாடி வளத்திரிக்கீங்க?" என்றார்.

சரி, தோற்றேன். கலியாணம் முடிக்காதவன் எழுதிய கலியாணக் காட்சி அப்படித்தான் இருக்கும். ஹஸீனா பேசட்டும். ஆனால் ஒரே ஒரு சொல். 'ஓம்.' அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் வேண்டாம். என் மௌனத்தில் பாதியையாவது அந்தச் சொல்லுக்கு முன்னால் மிச்சம் வையுங்கள்.

யாரைக் கொண்டு சொல்லுவிப்பீர்கள்? நல்ல குரலாக இருக்க வேண்டும்.

என் மற்றக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கூடாரத் துணி பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி
றிஷாட்


கல்முனைக்குடி
2009 நவம்பர் 12

அன்பின் தம்பி,

ஸலாம். வீட்டில் எல்லாரும் சுகம். மாரி தொடங்கிவிட்டது. உம்மாவின் கால் திரும்ப வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து எடுத்தோம், யோசிக்காதே. வயல்காரர் எல்லாம் விதைப்பில் நிற்கிறார்கள்.

பாண்டிருப்பு மேடையேற்றம் மழைக்கு முன் முடிந்துவிட்டது. மீன்வாடிக்காரர் பந்தலுக்கு வலை தந்தார்கள். பாண்டிருப்பார் கதிரைகளை உழவு மெஷினில் ஏற்றி வந்தார்கள். நம்மூர் ஆட்கள் கூட்டமாக நடந்தே போனார்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு. பெரியதம்பி மாமாவை நினைவிருக்கிறதா, தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்திலிருந்து அந்தத் தெருவால் போகமாட்டேன் என்று இருந்தவர். அவரும் வந்தார். பின்வரிசையில் இருந்தார், யாரோடும் கதைக்கவில்லை. ஆனால் கனகேஸ்வரி அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

நீ கேட்டாய், அந்தச் சொல்லை யார் சொல்வது என்று. கனகேஸ்வரி அக்கா மேடையில் நிற்பதால் அவருக்கு ஏலாது. வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் எப்படியும் திரைக்குப் பின்னால்தானே நிற்கிறேன், நானே சொல்லிவிட்டேன். என் முகம் ஒருவருக்கும் தெரியாது. அது ஒரு பெரிய காரியமில்லை.

கூத்து அதற்குப் பிறகுதான். நான் ஓம் என்றதும் மாப்பிள்ளை 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்ல வேண்டும், ஒரே வசனம். மசூர் திரையைப் பார்த்தபடி நிற்கிறார். வாய் திறக்கவில்லை. நான் மெல்ல, "ஏற்றுக்கொண்டேன்" என்று எடுத்துக் கொடுத்தேன். நிற்கிறார். இன்னொரு முறை கொடுத்தேன். என் சொல்லுக்காகத் திரைக்குள் ஒரு மைக் வைத்திருந்ததை மறந்துபோனேன். மணப்பெண் தானே சம்மதமும் சொல்லி, மாப்பிள்ளைக்குப் பதிலாக ஏற்றும் கொண்டதைப் பாண்டிருப்பு முழுக்கக் கேட்டது. கதிர்காமத்தம்பி அண்ணன் சளைக்காமல், "பொண்ணு அவசரப்படுது, சுறுக்காச் சொல்லுங்க தம்பி" என்றார். அதன் பிறகுதான் மசூர் சொன்னார். கைதட்டல் நிற்க நேரமெடுத்தது.

மைக்கை வைத்தது யார் என்று கேட்காதே. லவுட்ஸ்பீக்கர் கடைக்காரர்தான்.

ராத்தா
றாஹிலா


தோஹா
01.12.2009

அன்பின் ராத்தா,

அலைக்கும் ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் இங்கே முகாமில் ஆட்டிறைச்சியோடு கழிந்தது. உம்மாவின் காலுக்குப் பூசத் தைலம் அனுப்புகிறேன்.

தொழுகை முடிந்து முஸாபஹா செய்யும்போது மருதமுனைப் பொடியன் ஒருவன் என் கையை விடாமல் குலுக்கினான். "மச்சான், முபாறக். உங்கட ராத்தாக்கும் மசூர் காக்காக்கும் நாடகத்தில நிக்காஹ் நடந்திட்டாமே. ஊரெல்லாம் கதை."

என் நாடகம், என் ராத்தா, வொலி நான். கடைசியாகக் கேள்விப்படுகிறவனும் நானா? இரவு வரை கோபமாக இருந்தேன். மெய்யைச் சொன்னால் கோபம் உங்களோடு இல்லை. நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்க நான் அங்கே இல்லையே என்றுதான்.

ஊர் வாய்க்காக நீங்கள் நாடகத்தை நிற்பாட்டிவிடாதீர்கள். ஆனால் எனக்கு ஒளிக்காமல் எழுதுங்கள். சனம் ஏதாவது சொல்லி மனதை நோகடிக்கிறதா? மசூர் காக்கா என்ன சொல்கிறார்?

தம்பி
றிஷாட்


கல்முனை
09.12.2009

அன்புள்ள தம்பி றிஷாட்டுக்கு மசூர் எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம்தானே. நானும் சுகம். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கதை உனக்கு வந்துசேர்ந்திருக்கும். மௌலவியிடம் நானே போய்க் கேட்டேன். வொலி கட்டாரில், சாட்சி பாண்டிருப்பில், லெப்பை கதிர்காமத்தம்பி, பெயரும் வேறு பெயர், ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். ஊர் அதோடு அடங்கிவிட்டது. நிம்மதியாகக் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் எனக்கு நிம்மதியாக இல்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று கவலையாக இருந்தது.

நான் வசனம் மறப்பவன், உனக்குத் தெரியும். ஆனால் பாண்டிருப்பில் நான் மறக்கவில்லை. திரைக்கு அங்காலிருந்து அந்தச் சொல் வந்ததும், பொய்யாகப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

வாப்பா இருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன். இப்போது உன்னிடம்தான் கேட்க வேண்டும். உன் ராத்தாவை எனக்கு முடித்துத் தருவாயா? அவரிடம் நான் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. ஒத்திகையில் வேலைக் கதை மட்டும்தான். அவருக்கு விருப்பமில்லை என்றால் இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை, நீ வாசிக்கவுமில்லை. நாடகம் எப்படியும் நடக்கும். அக்கரைப்பற்றில் தை மாதம், மழை விட்டதும்.

அங்கே நல்ல அம்ப்ளிபயர் ஏதும் மலிவாகக் கிடைத்தால் பார்த்து வை.

மசூர்


தோஹா
28.12.2009

அன்பின் ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுமுன்தினம் இங்கிருந்தே மச்சானுக்காகவும் எல்லாருக்காகவும் யாஸீன் ஓதினேன். ஐந்து வருடமாகிவிட்டது. நீங்கள் அன்றைக்குக் கடற்கரைக்குப் போகமாட்டீர்கள் என்று தெரியும், உம்மாவோடு வீட்டில்தான் இருந்திருப்பீர்கள்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மசூர் காக்கா உங்களைக் கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார். கேட்டுவிட்டு அம்ப்ளிபயரும் கேட்டிருக்கிறார். அவருடைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், நீங்களே வாசியுங்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் எனக்குப் பிடிப்பதில் என்ன இருக்கிறது? உங்கள் விருப்பம் என்ன ராத்தா? வேண்டாம் என்றால் வேண்டாம், நான் அவருக்குப் பக்குவமாக எழுதிவிடுவேன். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே பந்தல் கால் நட்டுவிடுவார்.

தம்பி
றிஷாட்


கல்முனைக்குடி
2010 ஜனவரி 25

அன்பின் தம்பிக்கு,

ஸலாம். தைலம் வந்தது. உம்மாவின் கால் சுகம், இப்போது தைலத்தை அயலில் எல்லாருக்கும் பூசிவிடுகிறார். நீ மெலிந்துவிட்டாய் என்று போட்டோ பார்த்துக் கவலைப்படுகிறார்.

அக்கரைப்பற்று மேடையேற்றம் நல்லபடி முடிந்தது. சந்தைக்கு வந்த சனமெல்லாம் நின்றது. நெல் யாவாரிகள் மூட்டைகளைத் தந்தார்கள், அதன் மேல் பலகை அடித்து மேடை போட்டோம். நடு நாடகத்தில் ஒரு மூட்டை பிரிந்து நெல் ஒழுகத் தொடங்கியது. கனகேஸ்வரி அக்கா வசனத்தை விடாமல் பேசிக்கொண்டே முந்தானையால் ஓட்டையை அடைத்தார். அதை நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள். பெரியதம்பி மாமா இங்கேயும் வந்தார், இந்த முறை பாண்டிருப்பாரின் வான் வண்டியில் ஏறி. கதிர்காமத்தம்பி அண்ணனுக்குத் தொப்பி பழகிவிட்டது, கழற்ற மறந்து கோயில் வீதி வரை போய்விட்டாராம்.

திரைக்கு இரண்டாம் சாயம் போட்டேன், எழுத்து இன்னும் தெரிகிறது. அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இஞ்சி போட்டுக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. இந்த முறை வசனம் பிழைக்கவில்லை, ஆனால் சொல்லும்போது நிலத்தைப் பார்த்தார். அவருடைய மாப்பிள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் போயிருக்கிறது, பொத்துவிலுக்கு முன் தைக்க வேண்டும். பொத்துவில்தான் இந்த வருடத்தின் கடைசி மேடையேற்றம். அது முடிந்தால் பின்னேரங்களில் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

வேறு விசேஷமில்லை. குளிருக்குப் போர்வை போட்டுப் படு.

ராத்தா
றாஹிலா


தோஹா
08.02.2010

அன்பின் ராத்தா,

அலைக்கும் ஸலாம். நான் மெலியவில்லை, அந்தப் போட்டோ அகலம் குறைவு.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வாசித்தேன். ஜூலையில் 'மசூர் காக்கா' வாசலில் வந்து நின்றார். ஒக்டோபர்க் கடிதத்தின் நடுவில் வெறும் 'மசூர்' ஆனார். நவம்பரிலும் அப்படியே. ஜனவரியில் பெயரும் இல்லை. அவருக்குத் தொண்டை கட்டியதாம், அவருடைய சட்டையில் பொத்தான் இல்லையாம். அண்ணன் முறை சொன்ன அந்தக் காக்கா எங்கே போனார் ராத்தா? நம்மூரில் பெண்கள் யாரைப் பெயர் சொல்லாமல் 'அவர்' என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நான் கேட்ட கேள்விக்குக் கடிதத்தில் ஒரு எழுத்தில்லை. இது ஜூலையில் என்றால், ராத்தா சும்மா இருக்கிறார், விளங்கிவிட்டது என்று அவருக்கு எழுதியிருப்பேன். என் நாடகத்திலும் அப்படித்தானே எழுதியிருந்தேன். ஆனால் நீங்களெல்லாம் சேர்ந்துதான் எனக்குப் பாடம் சொல்லித் தந்தீர்கள். ஒருக்கா வாழ்ந்த பெண்ணின் மௌனத்தை நான் எடுத்துக்கொள்ள ஏலாது. 'அவர்' என்று எழுதியதையும் எடுத்துக்கொள்ள ஏலாது. எவ்வளவு நாளானாலும் சரி, வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நான் அங்கே வர லீவு இல்லை. எனக்குப் பதிலாகப் பெரியதம்பி மாமா வொலியாக நிற்க வக்காலத்துக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை, திகதி போடவில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் அதில் சந்தோஷமாகச் சீனி சுற்றுவேன்.

தம்பி
றிஷாட்


கல்முனைக்குடி
2010 மார்ச் 3

அன்பின் தம்பி றிஷாட்,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம், நானும் சுகம். உன் கடிதம் வந்து பல நாளாகிறது. மெஷின் லாச்சியில் வைத்து, தைக்கும்போதெல்லாம் திறந்து பார்த்தேன். களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி இருந்தது. பொடியன் என்று நினைத்திருந்தேன் உன்னை.

எனக்குச் சும்மா இருப்பது லேசாக இருந்தது தம்பி. உன் மச்சான் இஸ்ஹாக் சுனாமி அன்று காலை மீன் வாங்கிவருகிறேன் என்று போனவர். மையித்து கிடைக்கவில்லை. கிடைக்காதபடியால் முடிந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவுமில்லை, நானும் சொல்லவில்லை. இத்தா இருந்தேன், கத்தம் ஓதினோம், எல்லாம் செய்தோம். ஆனால் வாய் திறந்து ஒரு பேச்சும் பேசவில்லை. நீ அக்கரைப்பற்று என்றாய், சம்மாந்துறை என்றாய். பதில் எழுதினால் அவரை நானே கடலில் விட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். அதுதான் உண்மை. கூடாரத் துணி பற்றி எழுதியது அதற்காகத்தான்.

மேடையில் சொல்வது வேறு என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால், இன்னொருத்தியின் பெயரில். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் சொல்லி முடித்த பிறகு, இது என் வாய்தானே என்று தோன்றும். வீட்டுக்கு வந்து இஸ்ஹாக்கை நினைப்பேன். அவர் கோபமாக இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவர் கோபக்காரரும் இல்லை, உனக்குத் தெரியும்.

பொத்துவில் கதையைச் சொல்கிறேன். கடலுக்குக் கிட்ட மேடை. நான் சுனாமிக்குப் பிறகு கடலுக்கு அவ்வளவு கிட்டப் போனது அன்றைக்குத்தான். கனகேஸ்வரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே மேடைக்குக் கூட்டிவந்தார். கல்முனையிலிருந்து இரண்டு பஸ்ஸில் சனம் வந்திருந்தது, சல்மா உம்மா முன்வரிசையில். கடைசிக் காட்சி. அண்ணன் சம்மதம் கேட்டார். உன் மௌனத்தில் பாதியை விட்டேன், சத்தியமாக விட்டேன். அப்போது கடல் காற்று ஒன்று எழும்பியது. நான் தைத்த திரை, இரண்டு சாயம் போட்ட திரை, வளையத்தோடு கழன்று பறந்து சல்மா உம்மாவின் மடியில் விழுந்தது.

நான் முக்காட்டோடும் கையில் உன் தாள்களோடும் வெளிச்சத்தில் நிற்கிறேன். ஊர் முழுக்கப் பார்க்கிறது. அவரும் பார்க்கிறார். ஒளிய இடமில்லை. யாரும் சிரிக்கவில்லை, சல்மா உம்மா கூட.

நான் ஓம் என்றேன். மைக் இல்லாமலே கேட்டதாம்.

அவர் நிலத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் எடுத்துக்கொடுக்காமல் தன் வசனத்தைச் சொன்னார். பிழையில்லாமல்.

அது ஹஸீனாவுக்கு. மௌலவி சொன்னபடி அதில் ஒன்றும் ஆகவில்லை. இனி என் காரியத்தை எழுதுகிறேன், கவனமாக வாசி.

வெள்ளாப்பை நான் விடமாட்டேன். அடுத்த வருடத்துக்குக் கனகேஸ்வரி அக்காவும் நானும் கதை யோசிக்கிறோம், கலியாணக் காட்சியில்லாத கதை. இதை அவரிடம் முதலே சொல்லிவிடு. நிக்காஹ் நாளில் அவர் தன் வசனத்தைப் பாடமாக்கி வர வேண்டும், அன்றைக்கு நான் எடுத்துக்கொடுக்கமாட்டேன். கதிர்காமத்தம்பி அண்ணன் அந்தத் தொப்பியோடு வருவேன் என்கிறார், பந்தலில் முன்னுக்கு இருக்க வைக்க வேண்டும். உன் வக்காலத்துக் கடிதத்தில் பெயரை எழுது, திகதியைப் போடு, சீனி சுற்றாதே. உம்மாவுக்கு இன்றைக்கு நானே சொல்கிறேன்.

நீ கேட்டாய். நான் வாழ்ந்த பொம்புள, வாய் திறந்து சொல்ல வேண்டும். என் பெயரில், என் கையெழுத்தில், திரை ஒன்றும் இல்லாமல் சொல்கிறேன்.

ஓம்.

உன் ராத்தா
றாஹிலா